சலவைக்கூட வாசலில் விழுந்த அடி

மேலே கண்ட முகவரியில் குடியிருக்கும் நான், வயது நாற்பத்தேழு, பொது மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் தலைமைச் செவிலியராக வேலை பார்க்கிறேன். அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பாய்லர் இயக்குபவர் என் கணவர். சலவைக்கூட வாசலில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்களின் போராட்டக் குழுவுக்கு அவர்தான் அமைப்பாளர். எங்களுக்கு ஒரு மகள், வெளியூரில் படிக்கிறாள். விஷயம் தெரிந்ததும் ஃபோனில் நெடுநேரம் சிரித்ததைத் தவிர அவளுக்கு இதில் சம்பந்தம் இல்லை.

அடித்தது நான்தான் என்று உட்கார்ந்தவுடனே சொன்னேன். அப்படி முடிவிலிருந்து சொன்னால் எழுத முடியாது, வரிசைப்படி சொல்லவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டதால் வரிசைப்படி சொல்கிறேன்.

பாய்லரில் அழுத்தம் மிஞ்சினால் ஒரு வால்வு தானாகத் திறந்து நீராவியை வெளியே விடவேண்டும். எங்கள் சலவைக்கூடத்து வால்வு பல மாதங்களாகத் தானாகத் திறப்பதில்லை. என் கணவர் அதைச் சுத்தியலால் தட்டித் திறந்துகொண்டிருந்தார். நிர்வாகத்திடம் பலமுறை சொன்னார். அதன் பிறகு ஒரு நாள் காலையில் குழாய் இணைப்பு பிய்ந்துகொண்டு, இஸ்திரி மெஷினில் நின்ற பெண்ணின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. அவரை என் வார்டில்தான் சேர்த்தார்கள். தினமும் கட்டு மாற்றியது நான். அதன் பிறகு நிர்வாகம் உடனடியாக நடவடிக்கை எடுத்து, பாய்லருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தது.

அதன் பிறகு தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, வால்வை மாற்றும்வரை எழுந்திருப்பதில்லை என்று சலவைக்கூட வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போனது. போராட்டத்திலிருந்து வன்முறை எழாதவரை அவர்கள் அங்கே உட்காரலாம் என்றும், அப்படி வன்முறை எழுந்தால் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்த, நிர்வாகம் பாய்லரை மூட்டிக்கொள்ளலாம் என்றும் நீதிபதி உத்தரவிட்டார். மூட்டினால் அதன் முன்னால் போய் நிற்கப்போகிறவர் என் கணவர். இன்னொருவரை அந்த இடத்தில் நிறுத்தி வேடிக்கை பார்க்க அவரால் முடியாது. வால்வு இன்னும் மாற்றப்படவில்லை. இந்த வாக்குமூலத்தில் எனக்குக் கவலை தரும் விஷயம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் எரிச்சல்.

வாத்தியார் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் பள்ளிக்கூட வாத்தியார் அல்லர். துவைக்கும் மெஷின் பார்ப்பவர். படித்த எதையும் பிறருக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியாதவர் என்பதால் அந்தப் பெயர். மனிதர்கள் எங்கெல்லாம் கையை ஓங்காமல் அடி வாங்கினார்களோ அந்தச் சரித்திரம் முழுவதும் அவருக்குத் தெரியும். கடலோரத்தில் உப்பு எடுக்கப் போனவர்கள் வரிசை வரிசையாக நடந்துபோய்த் தடியடி வாங்கினார்கள், ஒரு வரிசை விழுந்ததும் அடுத்த வரிசை வந்து நின்றது என்பார். வெள்ளைக்காரர்கள் மட்டும் சாப்பிடலாம் என்றிருந்த கடையில் போய் உட்கார்ந்த கறுப்பின மாணவர்கள், அதற்கு முன்பே தங்களுக்குள் ஒருவரை ஒருவர் திட்டியும் தள்ளியும் பொறுத்துக்கொள்ளப் பழகினார்கள் என்பார். ஒருமுறை நான் கேட்டேன்: "வரிசை வரிசையா விழுந்தாங்களே, அவங்களுக்கெல்லாம் கட்டுப் போட்டது யாருங்க?" அவர் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் படிச்ச பக்கத்துல அது இல்லைங்க சிஸ்டர்" என்றார்.

அவருடைய யோசனைப்படி தினமும் காலையில் பயிற்சி நடந்தது. ஒருவர் ரவுடியாக நடிக்கவேண்டும், மற்றவர்கள் திட்டும் அடியும் வாங்கிப் புன்னகைக்கவேண்டும். ஒருவருக்கு அடி விழுந்தால் அவருக்கு அடுத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு தன் முகத்தை நீட்டவேண்டும், அவருக்குப் பின் அடுத்தவர். ரவுடியாக நடிக்கத் தொழிலாளர்களில் யாரும் முன்வராததால், அவர்களைக் கண்காணிக்க நிர்வாகம் நிறுத்தியிருந்த செக்யூரிட்டியைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடித்ததால் பயிற்சி எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்று வாத்தியார் குறைப்பட்டுக்கொண்டார்.

அதன் பிறகு என் கணவர் இந்தப் பயிற்சியை வீட்டுக்கும் கொண்டுவந்தார். உடை மாற்ற அவர் வீட்டுக்கு வரும் நேரத்தில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் அமைதியாகப் பார்ப்பார். குரலை உயர்த்தினால் இன்னும் அமைதியாகப் பார்ப்பார். முன்பெல்லாம் எங்கள் வீட்டில் சண்டை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும். எதிராளி வராத சண்டையை முடிக்க வழியில்லை. குழாயும் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

நான் போராட்டத்தில் உட்கார்ந்திருந்ததாக ஒரு புகைப்படம் காட்டப்பட்டது. படத்தில் இருப்பது நான்தான். ஒரு மாலை டியூட்டி முடிந்து அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன், கால் வலித்தது, பாயில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன், டப்பா காலியானதும் எழுந்து வந்துவிட்டேன். நாள் முழுவதும் நிற்கிறவள் கொஞ்சம் உட்கார்ந்ததைப் போராட்டம் என்று எடுத்துக்கொண்டால், எங்கள் நிர்வாக அதிகாரியைவிடப் பெரிய போராளி அந்த மருத்துவமனையில் யாரும் கிடையாது.

வேலைநிறுத்தத்துக்கு முன் துவைத்து மடித்த படுக்கை விரிப்புகள் சலவைக்கூடத்துக்குள் அடுக்கடுக்காக இருந்தன. அவசரம் என்று சீட்டு ஒட்டிய வண்டிகளைத் தொழிலாளர்கள் ஆரம்பத்தில் வெளியே விட்டார்கள். அதன் பிறகு நிர்வாகம் எல்லா வண்டிக்கும் அவசரம் என்று சீட்டு ஒட்டியது. நிர்வாக அதிகாரியின் அறை ஜன்னல் திரைகளும் அவசரத்தில் போயின. அதன் பிறகு தொழிலாளர்கள் எதையும் விடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். இதில் தப்பு யார்மேல் என்று கேட்டால், இரு தரப்பும் என்னிடம் நியாயமாகத்தான் பேசினார்கள். விரிப்பு மட்டும் வரவில்லை.

என் வார்டில் விரிப்புகளைத் திருப்பிப் போட்டோம். அதன் பிறகு திருப்பியதையே திருப்பிப் போட்டோம். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர், கசிவு நிற்காமல் ஈரத்திலேயே கிடந்தார். அவர் மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வைகள் தீர்ந்துபோய், கடைசியில் மேஜை விரிப்பைக் கொண்டுவந்து போட்டார். சம்பவ தினத்தன்று கட்டைப் பிரித்தபோது காயத்தில் சீழ் இருந்தது. அந்தப் பெண் அழவில்லை. "சிஸ்டர், அங்க வாசல்ல உக்காந்திருக்கிறது உங்க வீட்டுக்காரர்தானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதன் பிறகு கையைக் கழுவிக்கொண்டு, காலித் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கிச் சலவைக்கூட வாசலுக்குப் போனேன்.

என் கணவர் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மரியாதைக்கு எழுந்தார்களா, வண்டியை மறிக்க எழுந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

"ஏங்க, ஒரு வண்டி விரிப்பு வேணும். என் வார்டுக்கு மட்டும்" என்றேன்.

"உனக்கு விட்டா கண் வார்டுக்கு விடணும், பிரசவ வார்டுக்கு விடணும். அப்புறம் நாங்க எதுக்கும்மா இங்க உக்காந்திருக்கோம்?"

"ஒரு மனுஷன் வயிறு சீழ் பிடிச்சுக் கிடக்கிறார். அவர் உங்க பாய்லரை என்ன பண்ணாரு?"

"நாங்க யாரையும் தொடலையே. யார் மேலயும் ஒரு கை படலையே."

"ஆமா, படலை. சீழைத் துடைக்கிற கை என்னுது. உங்களுது சுத்தமா இருக்கு."

அதற்கு அவர், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, புன்னகைத்தார். நான் என் வலது கையால் அவருடைய இடது கன்னத்தில் ஓர் அடி அடித்தேன். மற்றபடி யாரையும் அடிக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது பயிற்சியினால் நடந்தது. அடி விழுந்ததும் என் கணவர் ஒதுங்கினார். அடுத்து நின்ற வாத்தியார் கண்ணை மூடி, முகத்தை நீட்டி, அடி வரும் திசைக்குச் சாய்ந்தார். நான் அதற்குள் வண்டியைத் திருப்புவதற்காகக் குனிந்துவிட்டேன். அடி வராததால் அவர் சாய்ந்தவாறே வந்து வண்டியின் கைப்பிடிமேல் விழுந்தார். மேல் வரிசையில் ஒரு பல் உடைந்தது, உதடு கிழிந்தது. அவருக்குப் பின்னால் நின்ற துணி மடிப்பவர், இவற்றில் எதையும் பார்க்காமல், கண்ணை மூடி முகத்தை நீட்டியபடி ஓரடி முன்னால் வந்து வாத்தியாரின் விரல்களை மிதித்தார். அவருக்கும் பின்னால் இன்னும் நான்கைந்து பேர் கண்ணை மூடிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். "கண்ணைத் திறங்கப்பா!" என்று கத்தினேன். நான் "எல்லாரையும் கொன்னுடுவேன்" என்று கத்தியதாக நிர்வாகத்தின் புகாரில் இருப்பது உண்மையல்ல. அப்படிக் கத்தியிருந்தால் அவர்கள் கண்ணைத் திறந்திருக்க மாட்டார்கள்.

ரத்தம் நிறைய வந்தது. சுத்தமான துணி வேண்டும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்தது, துவைத்து மடித்த விரிப்புகள் ஒரு கை நிறைய வந்தன. கூட்டம் போடவில்லை, யாரும் ஆட்சேபிக்கவில்லை. நான் ஒன்றைக் கிழித்து மடித்து வாத்தியாரின் உதட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் கணவரைப் பார்த்து, "வாத்தியார் உதட்டுக்கு உடனே வந்துடுச்சு பாருங்க" என்றேன். அவர் அப்போது புன்னகைக்கவில்லை. அதன் பிறகு உள்ளே போய் வண்டி கொள்ளுமளவு விரிப்புகளை ஏற்றி, தானே தள்ளிக்கொண்டு வந்து என் வார்டில் விட்டார். லாரி டிரைவரின் விரிப்பை மாற்றும்போது மறுபக்கம் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் அவரிடம் நன்றி சொன்னார். என் கணவரின் முகம் அடி வாங்கியபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது.

அன்றுமுதல் எல்லா வார்டுக்கும் தினமும் ஒரு வண்டி விரிப்பு போகிறது. எதற்குச் சீட்டு ஒட்டவேண்டும் என்பதை நர்ஸ்கள் முடிவு செய்கிறோம். நான் அடித்ததால் இது நடந்தது என்று யாராவது சொன்னால் வாத்தியாருக்குக் கோபம் வந்துவிடுகிறது. தன் பல் போனதால் நடந்தது என்பது அவர் கட்சி. துன்பத்தைத் தானே ஏற்றுக்கொண்டால் எதிராளியின் மனசாட்சி விழிக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். இங்கே எதிராளி யார் என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு நிர்வாக அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஜன்னல் திரைகள் சுத்தமாக இருந்தன. புகைப்படத்தை என் முன் வைத்து, "சிஸ்டர், நீங்களும் போராட்டத்துல ஒரு ஆளுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. உங்க மேல ஒரு தூசி விழாம நான் பார்த்துக்கிறேன்" என்றார். நான் அவர்களில் ஒருத்தி என்றால் அவர்கள் பக்கத்திலிருந்து வன்முறை எழுந்ததாக ஆகும். உத்தரவின்படி வாசல் காலியாகும், பாய்லர் மூட்டப்படும். எழுதாவிட்டால் என்ன என்று கேட்டேன். எழுதாவிட்டால் சக ஊழியர்களைத் தாக்கியதாக என்மேல் புகார் போகும், சஸ்பெண்ட் ஆவேன் என்றார். நான் யோசிக்கவேண்டும் என்று அவர் டீ வரவழைத்தார். டீ வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு வாத்தியார் தன் உதட்டுத் தையலைக் காட்ட வந்தபோது போராட்டக் குழுவும் வார்டுக்கு வந்தது. கை வெந்துபோன இஸ்திரிக்காரப் பெண் ஒரு வழி சொன்னார்: "சிஸ்டர், அது பயிற்சிக்காக அடிச்சதுன்னு சொல்லிடுங்க. செக்யூரிட்டிக்கு அன்னைக்கு லீவு, அதனால நீங்க வந்தீங்க. முடிஞ்சுபோச்சு. அடியும் அவர் அடிக்கிறதைவிட நல்லாத்தானே இருந்துச்சு." எல்லோரும் சிரித்தார்கள், வாத்தியாரைத் தவிர. உதட்டைப் பிடித்துக்கொண்டு, உண்மையை விட்டுவிட்டு வன்முறையை மட்டும் விட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்றார். அத்துடன் விடாமல், அமைப்பாளரின் வீட்டு ஆளே கை ஓங்கிவிட்டதால் போராட்டத்தை நாமே நிறுத்திக்கொள்வதுதான் ஒழுங்கு என்றார். எங்கோ ஓர் ஊரில் கூட்டம் வெறிபிடித்துச் செய்த காரியத்துக்காக நாடு முழுவதும் நடந்த இயக்கத்தையே ஒரு தலைவர் நிறுத்தியிருக்கிறார் என்றும் சொன்னார்.

இஸ்திரிக்காரப் பெண் கட்டுப் பிரித்த தன் கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "நிறுத்துங்கண்ணே. நிறுத்திட்டு நேரா பாய்லர்கிட்ட போயி, நாங்க ரொம்ப ஒழுங்கானவங்கன்னு சொல்லுங்க. அதுவும் சரின்னு கேட்டுக்கும்."

வாத்தியார் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். நிறுத்தவேண்டும் என்று மறுபடி சொல்லவில்லை. பொய் மட்டும் வேண்டாம் என்று திரும்பவும் சொன்னார். அது எனக்கும் சம்மதமே. பயிற்சிக்காக அடித்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு மனப்பூர்வமாக எதையும் செய்ததில்லை.

என் கணவர் எல்லாப் பழியையும் தான் ஏற்றுக்கொள்வதாகவும், வழியை மறித்து மனைவியின் கையை ஓங்க வைத்தது தானே என்றும் இங்கே எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அது அவருடைய வழக்கம். அதைப் பொருட்படுத்தவேண்டாம். "அடிச்சது நான். அதையாவது எனக்குன்னு விட்டுவைங்க" என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று இன்ஸ்பெக்டர் மூன்று முறை கேட்டார். நான் போராட்டக்காரர்கள் பக்கம் அல்ல. கை ஓங்க மாட்டோம் என்ற அவர்களுடைய உறுதிமொழியை எடுக்கவில்லை, எடுப்பதாகவும் இல்லை. சம்பளம் தருவதால் நிர்வாகத்தின் பக்கமும் ஆகிவிட மாட்டேன். வால்வு மாற்றப்படவேண்டும் என்று நினைக்கிறேன், பாயில் உட்காராமலே அப்படி நினைக்க முடியும். அன்று நான் என் வார்டின் பக்கத்திலிருந்து போனேன். அங்கே இருந்தவர்களில் ஒருவர்கூட என்மேல் கை ஓங்கவில்லை, தடித்த வார்த்தை சொல்லவில்லை. வாத்தியார் தானாகத்தான் விழுந்தார். ஆனாலும் நான் அடிக்காமல் இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, என்னை விடுவிக்கக் கோரி என் கணவர் ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டதாக ஏட்டு வந்து தெரிவித்தார். என்னை இன்னும் யாரும் பிடித்துவைக்கவில்லை என்று அவருக்குச் சொல்லி, சலவைக்கூட வாசலுக்குத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். புன்னகைத்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

அதன் பிறகு எழுதியது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கணவர் புன்னகைத்ததால் 'திடீரென ஏற்பட்ட ஆத்திரத்தில்' அடித்தேன் என்று எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

"இருக்கட்டும் சிஸ்டர், உங்க நல்லதுக்குத்தான் போட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "திடீர்க் கோவம்னா சின்னக் கேஸ். மனசுல வெச்சுக்கிட்டுப் போய் அடிச்சீங்கன்னா வேலைக்கே வேட்டு."

"திடீர்னா, கோவம் எங்க வந்ததா அர்த்தம்?"

"அங்கதான். அந்த வாசல்ல, அவங்களோட பேசும்போது."

"அப்ப அதை அடிச்சிடுங்க. கோவம் வாசல்ல வரலை, அந்தப் போராட்டத்துலேர்ந்து வரலை. கட்டைப் பிரிச்சப்பவே வந்தது. லிஃப்ட்ல இறங்கும்போதே அடிப்பேன்னு தெரியும். அவர் சிரிக்காம இருந்திருந்தாலும் அடிச்சிருப்பேன்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நன்றாக யோசித்துக்கொள்ளும்படி சொன்னார். யோசித்துக்கொண்டுதான் வந்தேன் என்றேன். அதன் பிறகு அவர் பேனாவைத் திறந்து அந்தச் சொற்களை அடித்துவிட்டு, 'வார்டிலேயே முடிவு செய்துகொண்டுபோய்' என்று மேலே எழுதினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. இதில் உள்ளது முழுவதும் உண்மை.

(கையெழுத்து)
தலைமைச் செவிலியர், அறுவை சிகிச்சை வார்டு